கந்தப்பளை கெப்: தூக்கியதும் இறக்கியதும்

வண்டி 1999 ஆம் வருட மிட்சுபிஷி எல் 200, டபுள் கெப் (இரண்டு வரிசை சீற்றும் பின்னுக்குச் சாமான் தட்டும் உள்ளது), ஃபோர் வீல் டிரைவ், 2.5 லீற்றர் டீசல். முன்னுக்கு டோர்ஷன் பார், பின்னுக்கு பட்டை ஸ்பிரிங். சொந்தக்காரர் கந்தப்பளைப் பக்கம் மரக்கறி செய்கிற ஒரு தம்பி. லீக்ஸ், கரட், கோவா, காலம் பார்த்து உருளைக்கிழங்கு. கிழமைக்கு நான்கு நாள் தோட்டத்திலிருந்து நுவரெலியா பொருளாதார மத்திய நிலையம் என்கிற மரக்கறி மொத்தச் சந்தைக்கு, விலை சரியில்லாத நாட்களில் றம்பொடை வழியாக கம்பளைக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வண்டியில் குடும்பம் கோயிலுக்குப் போகும்.

புது வண்டி வாங்கினால் என்ன என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் இருபது வயது கெப்புகள் எல்லாம் தங்க நகை மாதிரி ஆகிவிட்டன. திறந்த பிறகும் வரியைச் சேர்த்துப் பார்த்தால் மரக்கறிக்காரர் கைக்கு எட்டுகிற விலை இல்லை. ஆகவே இருப்பதைத் திருத்தித்தான் ஓட வேண்டும். என் கராஜுக்கு வேலை கிடைப்பதும் அதனால்தான்.

தம்பி வந்து இறங்கியதும் சொன்னது இதுதான்: "அண்ணே, ஷொக் நாலையும் மாத்துங்க. நல்ல கேஸ் ஷொக்கா பாத்துப் போடுங்க. அப்படியே இன்னும் ரெண்டு இஞ்சி தூக்க ஏலுமா?"

ஷொக் என்பது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற குழாய். ஏன் என்று கேட்டபோது மூன்று குறை சொன்னார். கல்லுப் பாதையில் முன்பக்கம் குத்துகிறது. பெரிய ரோட்டில் ஸ்டியரிங் ஒரு பக்கமும் நிற்காமல் அலைகிறது. மழையில் வெறும் வண்டியாக வரும்போது பிரேக் பிடித்தால் வால் அடிக்கிறது, அதாவது பின்பக்கம் ஒரு பக்கமாக வழுக்குகிறது. மூன்றாவதைக் கேட்டுவிட்டு, "பின் டயர் தேஞ்சிருக்கு தம்பி, அதுதான்" என்று சொல்லிவிட்டேன். டயர் தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனாலும் அந்தப் பதிலை அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்கக் கூடாது. ஏன் என்பது பிறகு வரும்.

முன் பம்பரில் ஏறி நின்று அமுக்கினேன். நன்றாக இறங்கியது. காலை எடுத்ததும் மேலே வந்து, அசைந்து அடங்காமல், "டக்" என்று எதிலோ இடித்து நின்றது. ஷொக் போன வண்டி இரண்டு மூன்று தடவை ஆடும். இப்படி இடித்து நிற்காது. கராஜ் பொடியனைக் கீழே அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். சக்கரத்தைப் பிடித்திருக்கிற மேல் ஆர்முக்கும், சக்கரம் அளவுக்கு மேல் கீழே தொங்காமல் தடுக்கிற ரப்பருக்கும் நடுவில் மூன்று மில்லிமீற்றர்கூட இல்லை. ஒரு ரூபாய்க் குற்றி ஒன்றை நுழைக்கலாம், இரண்டை நுழைக்க முடியாது. வண்டி சமதரையில் சும்மா நிற்கும்போதே இப்படி.

இந்த வண்டியை முன்பு வேறொரு இடத்தில் "லிஃப்ட்" பண்ணியிருந்தார்கள். பண்ணியது என்னவென்றால், டோர்ஷன் பாரின் பின் நுனியில் உயரத்தைச் சரிசெய்கிற போல்ட் இரண்டையும் முடிகிற மட்டும் முறுக்கியது. அவ்வளவுதான்.

டோர்ஷன் பார் ஒரு நீளமான உருக்குத் தண்டு. ஒரு நுனி செசியில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் பிடித்திருக்கும், மறு நுனி ஆர்மில். சக்கரம் மேலே போகும்போது தண்டு முறுகும், அந்த முறுக்குத்தான் ஸ்பிரிங். போல்ட்டைத் திருகினால் வண்டி உயரும், ஆனால் ஸ்பிரிங் கொஞ்சமும் கடினமாகாது. கடினம் தண்டின் நீளத்தையும் தடிப்பையும் பொறுத்தது. தடிப்புக்கு அதில் பெரிய பங்கு, நான்காம் அடுக்கில் ஏறும்: 24 மில்லிமீற்றர் தண்டுக்குப் பதில் 25 போட்டால் சுமார் 18 சதவீதம் கடினம் கூடும். போல்ட்டுக்கு அந்தச் சக்தி இல்லை. அது செய்வது ஒன்றுதான், சக்கரம் கீழே இறங்க இருந்த இடத்தை எடுத்து மேலே போகிற இடத்தோடு சேர்க்கிறது. மொத்த இடம் அதேதான்.

சக்கரம் மேலே போக இடம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும், கல்லில் ஏறினால் முட்டுமே. கீழே இறங்கவும் அதே அளவு இடம் வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. பள்ளம் வந்தால் சக்கரம் இறங்கி நிலத்தைத் தொட வேண்டும். அது இறங்காவிட்டால் வண்டியே இறங்கும். தம்பி சொன்ன குத்தல் கல்லில் ஏறும்போது வந்ததல்ல, கல்லிலிருந்து இறங்கும்போது வந்தது. அதை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்துத்தான் பிரித்துக்கொள்ள முடிந்தது.

அந்தப் பாதையையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கல் அடுக்கிப் போட்ட தோட்டப் பாதை, நான்கு கிலோமீற்றர். இடையிடையே குறுக்கே தண்ணீர் ஓடுகிற கான்கள். இந்தப் பக்கத்துக்கு வடகீழ்ப் பருவமழைதான் பெரிய மழை, மார்கழி, தை வரைக்கும் இழுக்கும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்து போன பிறகு மண் எல்லாம் கழுவிப்போய், பல இடத்தில் அடுக்கிய கல் மட்டும் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் கியருக்கு மேல் போட வழியில்லை. இந்த வேகத்தில் உயரமான வண்டி தேவையில்லை, நான்கு சக்கரமும் எப்போதும் நிலத்தில் இருக்கிற வண்டிதான் தேவை. தம்பிக்கு இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்நேரம் போனது. முழுசாக விளங்கியதா என்பதில் இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

அடுத்ததாக வண்டியை எடை போட்டோம். சஸ்பென்ஷன் வேலைக்கு வருகிறவர்களிடம் எவ்வளவு ஏற்றுவீர்கள் என்று கேட்டால் "கொஞ்சம்தான்" என்பார்கள். ஆகவே லீக்ஸ் மூட்டை ஏற்றிய அன்றே வண்டியை எடைப்பாலத்துக்குக் கொண்டுபோய், முன் சக்கரம் மட்டும் ஒரு தடவை, பின் சக்கரம் மட்டும் ஒரு தடவை நிறுத்தோம். பிறகு இறக்கிவிட்டு வெறும் வண்டியாக. வெறும் வண்டி முன்னுக்கு 1,010 கிலோ, பின்னுக்கு 750. மூட்டையோடு முன்னுக்கு 1,040, பின்னுக்கு 1,470. ஏற்றியது 750 கிலோ, அதில் 720 பின் அச்சில் விழுகிறது. முன் ஸ்பிரிங்குக்குச் சுமை வந்ததே தெரியாது, பின் ஸ்பிரிங்குக்கு இரண்டு மடங்கு. ஆகவே முன்னுக்குத் தடித்த தண்டு போடுகிற யோசனையை அங்கேயே விட்டுவிட்டோம். முன்னுக்குப் பாரம் கூட்ட வின்ச் கிடையாது, இரும்புப் பம்பர் கிடையாது, எதற்குத் தடித்த தண்டு?

பின்பக்கம் வேறு கதை. பழைய பட்டைகள் தட்டையாகியிருந்தன. அந்தத் தாழ்வை மறைக்க அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் இரண்டு அங்குலக் கட்டை வைத்திருந்தார்கள், சதுர இரும்புப் பைப்பை வெட்டி வெல்டிங் பண்ணிய கட்டை. ஒன்றில் வெல்டிங் ஓரம் வெடித்திருந்தது. கட்டை வைத்தால் ஸ்பிரிங்கை முறுக்குகிற நெம்பு நீளம் கூடும். சுமையோடு மேட்டில் கிளச்சை விட்டதும் அச்சு முன்னும் பின்னும் முறுகி வண்டி உதறும். தம்பி அதை "கிளச் போகப் போகுது" என்று நினைத்து வைத்திருந்தார். பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயர்ந்து நின்றதால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வைக்கிற முன் சக்கரத்தின் சாய்வுக் கோணமும் குறைந்து, ஸ்டியரிங் அலைந்தது அதனாலும்தான்.

கட்டைகளைக் கழற்றினோம். டோர்ஷன் பார்களையும் கழற்றினோம், அங்கே இன்னொரு கூத்து. இந்தத் தண்டுகளுக்கு இடம், வலம் உண்டு. ஒரு திசையில் முறுகுவதற்கென்றே செய்து அடையாளம் போட்டிருப்பார்கள். மாற்றிப் போட்டால் சீக்கிரம் தளரும், உடையவும் கூடும். சேற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தால் இடத்துக்குரிய தண்டு வலத்தில், வலத்துக்குரியது இடத்தில். வண்டி தாழத் தாழ போல்ட்டை முறுக்கி முறுக்கியே இந்த நிலைக்கு வந்திருக்கிறது. மாறித் தளர்ந்த தண்டைத் திரும்ப நம்ப முடியாது. கொழும்புக்குப் போன பொடியன் பழைய வாகனச் சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு பகல் முழுக்க அலைந்து பழைய சோடி ஒன்று கொண்டுவந்தான், நேரானது, துரு இல்லாதது.

உயரத்தை எப்படி முடிவு செய்வது? நல்ல காலத்துக்கு, பக்கத்துத் தேயிலைப் பேக்டரியில் ஒருவரும் கை வைக்காத இதே மொடல் ஒன்று நின்றது. சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புக்கு முன்னுக்கு 475 மில்லிமீற்றர். நம்முடையது 540. அதாவது 65 தூக்கியிருந்தார்கள். பொடியன் கொண்டுவந்த தண்டைப் போட்டு 500 இல் நிறுத்தினோம். சக்கரத்தில் அளந்தால் (ரப்பர் பக்கத்தில் இதைவிடக் குறையும்) கீழே இறங்க இருந்த இடம் 12 மில்லிமீற்றரிலிருந்து 52 ஆனது. தம்பி முகத்தைப் பார்த்தால், நகையை அடகு வைத்துவிட்டு வந்தவர் மாதிரி. "அண்ணே, எல்லாரும் தூக்குறாங்க, நீங்க மட்டும் எறக்குறீங்களே." முன் சக்கரத்துக்கு என்ஜின் சக்தியைக் கொண்டுபோகிற சிவி ஜொயின்டின் கோணமும் இறங்கியது. அவர் ஒவ்வொரு வருடமும் கிழிந்து மாற்றிய ரப்பர் உறைக்கு அந்தக் கோணம்தான் காரணம் என்று சொன்ன பிறகு கொஞ்சம் அடங்கினார்.

பின்னுக்கு நான் பிழை விட்டேன். வளைவு கெடாத பழைய பட்டைக் கட்டு ஒன்றை எடுத்து, "மூட்டை ஏத்துற வண்டிதானே" என்று ஒரு பட்டையும் கூடப் போட்டேன். கட்டில் இருந்த நான்கு பட்டையும் 7 மில்லிமீற்றர் தடிப்பு. நான் போட்டது 8. ஒரு மில்லிமீற்றர் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பட்டையின் கடினம் தடிப்பின் மூன்றாம் அடுக்கில் போகும். 8 மில்லிமீற்றர் பட்டை ஒன்று, 7 மில்லிமீற்றர் பட்டை ஒன்றரைக்குச் சமம். மொத்தக் கட்டு 37 சதவீதம் கடினமாகிவிட்டது. மூட்டையோடு அருமையாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது பின் சீற்றில் இருந்த அவருடைய அம்மா பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே வந்திருக்கிறார். திங்கட்கிழமை காலையில் கராஜ் வாசலில் வண்டி நின்றது. தம்பி ஒன்றும் பேசவில்லை, பின்பக்கத்தைக் கையால் காட்டினார்.

அந்தப் பட்டையை எடுத்துவிட்டு, கட்டின் அடியில் தட்டையான துணைப் பட்டை ஒன்று போட்டோம். வெறும் வண்டியில் அதன் நுனிகள் மேல் பட்டையைத் தொடாது. சுமை ஏறி மற்றப் பட்டைகள் தட்டையாக வரும்போது தொட்டு வேலையில் சேரும். அளந்து பார்த்ததில் சுமார் 400 கிலோவில் தொட்டது. ஒரே ஸ்பிரிங் 750 கிலோவையும் 1,470 கிலோவையும் ஒரே மாதிரித் தாங்க முடியாது. இரண்டு ஸ்பிரிங்காக நடந்துகொள்கிற ஒன்று வேண்டும். கம்பனிக்காரர்கள் லொறிகளில் காலங்காலமாகச் செய்வதுதான், நான் கண்டுபிடித்தது ஒன்றும் இல்லை. பின்பக்கம் கம்பனி உயரத்தைவிட 40 மில்லிமீற்றர் கூடி நின்றது. ஸ்பிரிங்கை அச்சோடு கட்டுகிற யூ போல்ட் நான்கும் புதிது. ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் நீண்டுபோயிருக்கும், அதைத் திரும்பப் போடுவது சில்லறையை மிச்சம் பிடித்து அச்சைப் பணயம் வைக்கிற வேலை.

ஷொக் விஷயம் சுருக்கம். நான்கில் ஒன்று மட்டும்தான் ஒழுகியது, ஆனாலும் வயது போனதால் நான்கையும் மாற்றினோம். செலவில் பாதிக்கு மேல் அதற்கே போனது. வாங்குவதற்கு முன் ஒரு பின் சக்கரத்தைப் பெரிய கல்லில் ஏற்றி, மறு சக்கரம் தொங்கும்போது இரண்டு பக்கமும் பூட்டுகிற இடங்களின் தூரத்தை அளந்தோம். ஷொக் குட்டையாக இருந்தால் தொங்குகிற சக்கரத்தை அது இழுத்துப் பிடிக்கும், மெல்ல மெல்லக் கழுத்தில் அறும். நீளமாக இருந்தால் தடுப்பு ரப்பர் தொடுவதற்கு முன் உள்ளே அடியில் முட்டும். முன்னுக்கு வழமையான நீளமே போதும், பின்னுக்கு 30 மில்லிமீற்றர் கூடியது எடுத்தோம். ஷொக் சுமையைத் தாங்காது, ஆட்டத்தை அடக்கும், அவ்வளவுதான். கல்லுப் பாதையில் அரை மணிநேரம் உதறினால் உள்ளிருக்கும் ஒயில் சூடாகி நுரைக்கும். கேஸ் அடைத்தவற்றில் அழுத்தம் இருப்பதால் நுரை குறையும். தம்பி கேஸ் ஷொக் கேட்டது சரியான ஆசைதான், தப்பான காரணத்துக்காக.

வேலை முடிந்து பத்து நாள். ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலம் போன். "அண்ணே, றம்பொடைக்கு மேல நிக்கிறேன். பிரேக் பெடல் கீழ போகுது. வாசம் வேற வருது."

முதல் கியரில் போட்டு நிறுத்து, சக்கரத்துக்குக் கல் வை, பிரேக்கில் தண்ணீர் ஊற்றாதே, அரை மணிநேரம் அப்படியே விடு என்று சொல்லிவிட்டு நானும் பொடியனும் கிளம்பினோம். லபுக்கலை தாண்டி வளைவு வளைவாக இறங்கும்போது எனக்கே வயிற்றைக் கலக்கியது. போய்ச் சேர்ந்தபோது முன் சக்கரங்களில் கை வைக்க முடியாத சூடு. பின் பிரேக் டிரம்கள் இரண்டும் வெதுவெதுப்பு மட்டும். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் வெட்கமாக இருந்தது.

இந்தக் கெப்பில் பின் அச்சுக்கு மேலே ஒரு பிரேக் வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு நெம்பும் ஸ்பிரிங்கும் அச்சுக்குப் போகும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால் வால்வு பின் பிரேக்குக்குக் கூட அழுத்தம் விடும். வெறும் வண்டியாக உயர்ந்து நின்றால் குறைக்கும், பின் சக்கரம் பூட்டி வழுக்காமல் இருக்க. வண்டி எவ்வளவு சுமக்கிறது என்று அதற்குத் தெரியாது, எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். நாம் 40 மில்லிமீற்றர் தூக்கி, துணைப் பட்டையும் போட்டோம். முக்கால் தொன் ஏறியும் வண்டி பழையபடி தாழவில்லை. வால்வு வெறும் வண்டி என்றே எண்ணிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் கட்டை வைத்து இன்னும் கூடத் தூக்கியிருந்த பழைய நாட்களில் ஏன் இது நடக்கவில்லை? அதைப் பொடியனிடம் சத்தமாகக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாஸ், அந்த நெம்புல ஒரு கம்பி கட்டியிருந்திச்சு. சும்மா கட்டினதுன்னு நான் வெட்டிப் போட்டுட்டேன்."

பழைய ஆட்கள் நெம்பை முழுச் சுமை நிலையில் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். தூக்கினால் பின் பிரேக் குறையும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆகவே சுமையோடு பிரேக் நன்றாகப் பிடித்தது. வெறும் வண்டியாக மழையில் வரும்போது பின் சக்கரம் பூட்டி வால் அடித்ததும் அதனால்தான். தம்பி முதல் நாளே சொன்ன மூன்றாவது குறை. நான் டயர் என்று சொல்லித் தள்ளியது. அன்றைக்கே நெம்பைத் தேடிப் பார்த்திருந்தால் இந்த விடியற்காலம் வந்திருக்காது. பொடியனைத் திட்டவில்லை. கம்பி எதற்கு என்று அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது, கம்பளை 500 மீற்றருக்கும் கொஞ்சம் கீழே. இரண்டரைத் தொன் வண்டி அந்த உயரத்தை இழந்தால் சுமார் 34 மெகாஜூல் சக்தி எங்காவது போய்ச் சேர வேண்டும். ஒரு லீற்றர் டீசலை முழுக்க எரித்தால் கிடைக்கிற வெப்பத்துக்குக் கிட்ட வருகிற கணக்கு இது. கீழ் கியரில் இறங்கினால் கணிசமான பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். மிச்சம் பிரேக்கில்தான். அதை முன் சக்கரம் இரண்டிலேயே கொட்டினால் பிரேக் ஒயில் கொதிக்கும். டொட் 4 என்கிற தரத்துப் பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை தாங்க வேண்டும். தண்ணீர் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155. எங்கள் ஊர் மூட்டத்தில் அது தண்ணீரை உறிஞ்சாமல் இருக்குமா? பெடல் மெத்தை மாதிரி ஆனதற்குக் காரணம் ஒயிலுக்குள் நீராவிக் குமிழி. சூடு ஆறியதும் பெடல் திரும்பி வந்தது. மூட்டைகளை வேறு லொறிக்கு மாற்றிவிட்டு வண்டியை மேலே கொண்டுவந்தோம்.

திருத்தம் எளிது. வால்வுப் பக்கத்து நெம்பின் பிடியை, வண்டி உயர்ந்த அளவுக்குச் சரியாக, ஒரு தடித்த தகட்டுத் துண்டு வைத்து இறக்கினோம். கைநூலில் சொன்ன ஸ்பிரிங் நீளம் வரும் வரைக்கும். செலவு சில நூறு ரூபாய், நான்கு ஷொக்கின் விலைக்குப் பக்கத்தில் சில்லறைக் காசு. பிரேக் ஒயில் முழுக்கப் புதிது, முன் பேட் புதிது, பின் டயர் இரண்டும் மாற்றியாயிற்று. பிறகு ஈரமான, ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் வெறும் வண்டியாக 30 கிலோமீற்றர் வேகத்தில் அழுத்திப் பிடித்துப் பார்த்தோம், நான்கு தடவை. முன் சக்கரம்தான் முதலில் பூட்டியது. அப்படித்தான் இருக்க வேண்டும். நெம்பை அளவுக்கு மேல் இறக்கினால் பழையபடி வால் அடிக்கும். பிறகு 750 கிலோ ஏற்றி, நான் ஓட்ட, தம்பி பக்கத்தில் இருக்க, கம்பளைக்குப் போய் வந்தோம். கீழே இறங்கி நான்கு சக்கரத்திலும் கை வைத்துப் பார்த்தோம். முன்னுக்கு நல்ல சூடு, பின்னுக்கும் சூடு.

இடையில் காற்று விஷயமும் ஒன்று. கல்லுப் பாதையில் வெறும் வண்டிக்கும் சுமை வண்டிக்கும் ஒரே அளவு காற்று வைத்திருந்தார். வெறுமனே போகும்போது பின் டயரில் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். "ஷொக் மாத்தினதவிட இது நல்லா இருக்கே அண்ணே" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது.

500 கிலோமீற்றரில் யூ போல்ட்டைத் திரும்ப இறுக்கினோம், கால் சுற்றுப் போனது. இரண்டாவது தடவை பார்த்தபோது அசையவில்லை. ஐந்து மாதம் கழித்து முன் உயரம் 497, மூன்று மில்லிமீற்றர்தான் இறங்கியிருக்கிறது. முன் டயரின் வெளி ஓரத் தேய்மானம் நின்றிருக்கிறது. அம்மா பின் சீற்றில் வருகிறார், ஆனால் தலையணையோடு. இடப் பக்கத்தில், மேல் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கிற போல் ஜொயின்ட் மட்டும் கொஞ்சம் ஆட்டம் கொடுக்கிறது, அந்த 65 மில்லிமீற்றர் காலத்துத் தேய்மானமாக இருக்கும். சாமானுக்குச் சொல்லியிருக்கிறேன். வரும் வரைக்கும் கம்பளைப் பக்கம் போக வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியாயிற்று. அவர் கேட்டுக்கொண்டே, பக்கத்தில் நின்ற வேறொருவருடைய உயர்ந்த கெப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.